சவூதி மணிக்கூடும் கொட்டாஞ்சேனை மின்சாரமும்

1982ஆம் ஆண்டு நோன்பு ஜூன் மாதக் கடைசியில் தொடங்கியது. அதற்குச் சில கிழமைகளுக்கு முன்னர்தான் வாப்பாவின் தங்கை, எங்களுக்கு மாமி, ஜித்தாவிலிருந்து திரும்பி வந்திருந்தார். இரண்டு வருடங்கள் ஒரு வீட்டில் வேலை. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். கட்டுநாயக்காவிலிருந்து வந்த வான் நின்றதும் அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் கூடிவிட்டோம்.

பெட்டிக்குள்ளிருந்து வெளிவந்தவற்றில் இரண்டு பொருட்களை நான் மறக்கவில்லை. ஒன்று, கண்ணாடிச் சாடியுடன் கூடிய பிளெண்டர். மற்றது, சிவப்பு இலக்கங்களில் நேரம் காட்டும் ரேடியோ மணிக்கூடு. இரண்டின் வயர் நுனியிலும் தட்டையான இரண்டு பித்தளைத் தகடுகள். எங்கள் சுவரிலோ மூன்று உருண்டைத் துளைகள். நானா பிளெண்டரின் வயரைப் பேனைக் கத்தியால் வெட்டி, ஐந்து அம்பியர் பிளக் ஒன்றில் முறுக்கிப் பூட்டினார். ஆளியைப் போட்டதும் அது ஒரு பெரிய கூச்சல் போட்டது. பிறகு நீலப் புகை. பிறகு ஒன்றுமில்லை.

“என்ன மகன் நடந்த?” என்று மாமி கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பிளெண்டருக்காக அவர் எத்தனை நாள் யாருடைய தரையைத் துடைத்திருப்பார் என்பதைக் கணக்கிடும் வயது எனக்கு அன்று இல்லை.

எமது இலக்கியத்தில் மத்திய கிழக்கு பற்றி எழுதப்பட்டிருக்கிறது. கடிதங்கள், குரல் பதிந்த கசெட்டுகள், பிரிவு, ஏமாற்றம் எல்லாம் கதைகளாகியுள்ளன. ஆனால் அங்கிருந்து வந்த பொருட்களின் கதை சொல்லப்படவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தப் பொருட்கள் பட்ட பாட்டினை ஒரு சிறு வரலாறாகத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தகட்டை வாசித்த மனிதர்

வாப்பா மறுநாள் மணிக்கூட்டையும் எரிந்த பிளெண்டரையும் எடுத்துக்கொண்டு ஒழுங்கை முனையிலிருந்த ரேடியோ திருத்தும் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். பிளெண்டரைக் கவிழ்த்து, அடியிலிருந்த சிறு தகட்டைக் காட்டினார்.

“நானா, பின்னுக்கு இருக்கிற தகட்டை வாசிச்சனீங்களோ? இது 127 வோல்ற்றுச் சாமான். எங்கட கரண்ட் 230. இதுக்குக் குடுக்க வேண்டியதைப்போல ரெண்டு மடங்கு குடுத்திருக்கிறியள்.”

உண்மையில் விளைவு இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. சூடாக்கும் சுருளுள்ள கருவியொன்றில் வோல்ற்றளவு இரட்டித்தால் அது உறிஞ்சும் வலு நான்கு மடங்காகும். 120 வோல்ற்றுக்குச் செய்த 1000 வோற்று அயன் ஒன்றை எமது சுவரில் பூட்டினால், எரிந்து போகும் முன் அது ஏறத்தாழ 3700 வோற்றினை இழுக்க முயலும். மறுதலையாக, இங்கு வாங்கிய கேத்திலைக் கனடாவுக்குக் கொண்டு போனால் அது எரியாது. ஆனால் தனது வலுவில் கால்வாசியளவே கிடைப்பதால் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்க நான்கு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும்.

மணிக்கூட்டுக்கு அவர் ஒரு நிலைமாற்றி சுற்றித் தந்தார். ட்ரான்ஸ்போமர் என்றுதான் எல்லோரும் சொன்னோம். இரும்புத் தகடுகளை அடுக்கி, செப்புக் கம்பியைக் கையால் சுற்றி, வார்னிஷ் பூசிய கனமான பெட்டி. ஒரு பக்கம் 230 நுழையும், மறுபக்கம் 110 வெளிவரும். மணிக்கூடு பழுதின்றி எரிந்தது. மாமியின் முகத்திலும் வெளிச்சம் வந்தது.

நோன்பு தொடங்கியது. முதல் நாள் இரவு பத்து மணிக்கு நேரத்தைச் சரிசெய்து, ஸஹருக்கு எழும்புவதற்காக மூன்றரைக்கு அலாரம் வைத்துப் படுத்தோம். அலாரம் ஒழுங்காகத்தான் அடித்தது. ஆனால் அது அடிக்கும்போது பள்ளியில் ஸுபஹுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அத்தனை பேரும் வெறும் வயிற்றோடு அன்றைய நோன்பைப் பிடித்தோம். உம்மும்மா பகல் முழுவதும் அந்த மணிக்கூட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்.

காரணத்தையும் கடைக்காரரே விளக்கினார். நிலைமாற்றி வோல்ற்றளவைத்தான் மாற்றும், மீடிறனை மாற்றாது. எமது மின்னோட்டம் செக்கனுக்கு 50 தடவை ஆடுகிறது, சவூதியில் 60 தடவை. அந்த மணிக்கூடு தனக்குள் நேரத்தை அளப்பதில்லை. சுவரிலிருந்து வரும் ஆட்டங்களை எண்ணி, 60 ஆனதும் ஒரு செக்கன் என்று கொள்ளும். இங்கே 60 ஆட்டத்துக்கு 1.2 செக்கன் பிடிக்கும். ஆகவே மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பிந்தும். இரவு பத்திலிருந்து மூன்றரை வரை அது எண்ணிய ஐந்தரை மணித்தியாலம், எமது கணக்கில் ஆறு மணித்தியாலம் 36 நிமிடங்கள். அது மூன்றரை என்று சொன்ன வேளையில் கொழும்பில் நேரம் 4.36.

இதே காரணத்தால் 60 ஆட்டத்துக்குச் செய்த குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் இங்கு ஆறிலொரு பங்கு வேகம் குறைந்து, கூடுதலாகச் சூடேறி, சில காலத்தில் செத்துவிடும். சிலவகை இசைத்தட்டுப் பெட்டிகளில் பாட்டு இழுபட்டு ஒலிக்கும். நிலைமாற்றி இருக்கிறதே என்று நம்பியவர்கள் ஏமாந்த இடம் இது.

உலகம் ஏன் ஒரே சுவராக இல்லை

நியூயோர்க்கில் 1882இல் எடிசன் தொடங்கிய நிலையம் சுமார் 110 வோல்ற்றில் நேரோட்டத்தை வழங்கியது. பின்னர் வெஸ்டிங்ஹவுஸ் கம்பனியும் டெஸ்லாவும் ஆடலோட்டத்தைக் கொண்டுவந்தபோது அமெரிக்கா 60 ஆட்டத்தைத் தேர்ந்தது. பழைய குமிழ்களுக்கு ஏற்ற குறைந்த வோல்ற்றளவும் வீடுகளில் நிலைத்தது. ஜேர்மனியின் ஏ.ஈ.ஜி. கம்பனி 50 ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டது. ஐரோப்பா அதனைப் பின்பற்றி, 220 வோல்ற்று அளவுக்குப் போனது. ஒரே வலுவை அனுப்ப வோல்ற்றளவு கூடினால் மின்னோட்டம் குறையும். மெல்லிய செப்புக் கம்பி போதும்.

யப்பானில் இந்தப் பிளவு ஒரே நாட்டுக்குள் நிகழ்ந்தது. 1890களில் டோக்கியோ ஜேர்மன் இயந்திரங்களை வாங்கியது, ஒசாகா அமெரிக்க இயந்திரங்களை வாங்கியது. இன்றும் நாட்டின் கிழக்கில் 50, மேற்கில் 60. இரண்டிலும் வோல்ற்றளவு 100. 2011ஆம் ஆண்டு சுனாமியால் கிழக்கின் மின்நிலையங்கள் முடங்கியபோது, மேற்கிலிருந்து போதிய மின்சாரத்தை உடனே எடுக்க முடியாமற் போனதற்கு இந்த நூற்றாண்டுப் பழைய கொள்முதலும் ஒரு காரணம்.

இலங்கைக்கு மின்சாரம் ஆங்கிலேயரின் கைவழி வந்தது. 1890களில் கொழும்புக் கோட்டைப் பகுதியில் பவுஸ்டெட் சகோதரர்களின் கம்பனி மின்விளக்குகளை எரித்தது. 1899இல் அதே நிறுவனத்தாரின் மின்சார டிராம் வண்டிகள் கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் ஓடத்தொடங்கின. 1944இல் மாநகர சபை அவற்றைப் பொறுப்பேற்றது, 1960இல் ஓட்டம் நின்றது. எமது உம்மும்மாவுக்கு மின்சாரம் என்றால் முதலில் நினைவு வருவது டிராம்தான், விளக்கு அதற்குப் பிறகே.

நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை படித்தார். லக்ஷபானத் திட்டத்திலிருந்து மின்சாரம் கிடைக்க 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1927இல் மின்சாரத்துக்கென அரசாங்கத் திணைக்களம் ஒன்று அமைந்தது. 1969 நவம்பரில் இலங்கை மின்சார சபை உருவாகியது. இத்தனை மாற்றங்களினூடாகவும் 230 வோல்ற்று, 50 ஆட்டம் என்ற பிரித்தானிய முறை எமது வீடுகளில் நிலைபெற்றுவிட்டது.

பிளக்கின் கதை இன்னும் வேடிக்கையானது. உருண்டை முனை பிளக்குகளுக்கு பிரித்தானியா 1934இல் ஒரு நியமம் வகுத்தது. விளக்கு, விசிறி, ரேடியோவுக்கு ஐந்து அம்பியர். அயன், கேத்திலுக்குப் பதினைந்து அம்பியர். அதைத்தான் எமக்கும் இந்தியாவுக்கும் தந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகளை மீளக் கட்டும்போது செப்பு தட்டுப்பாடாகவே, குறைந்த கம்பியில் வீடு முழுவதையும் சுற்றும் புதிய முறையையும், அதற்காக உள்ளே பியூஸ் வைத்த சதுர முனைப் பதின்மூன்று அம்பியர் பிளக்கையும் 1947இல் கொண்டுவந்தார்கள். மறு வருடம் எமக்குச் சுதந்திரம். அவர்கள் சதுரத்துக்கு மாறினார்கள். நாம் உருண்டையோடு நின்றோம்.

அவர்களது பாதுகாப்பில் இருந்த குவைத், பஹ்ரேன், கட்டார், அமீரகம் ஆகியன பின்னாளில் சதுரத்தைப் பெற்றன. அமெரிக்கர் எண்ணெய் தோண்டிய சவூதியில் 127 வோல்ற்றும் 60 ஆட்டமும் தட்டை முனையும் வந்தன. எனவே எங்கள் ஒழுங்கையில் ஒரு பேச்சு இருந்தது: குவைத் சாமான் என்றால் பிளக்கை மாற்று, சவூதி சாமான் என்றால் கையை வைக்காதே. எந்த வல்லரசு எங்கே எண்ணெய் எடுத்தது என்பதைப் புத்தகத்தில் படிக்க முன்னர், எரிந்த பிளெண்டரிலிருந்து படித்தவர்கள் நாங்கள்.

பெட்டிகள் வந்த காலம்

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் கடவுச்சீட்டு சாதாரண குடும்பங்களுக்கும் எட்டியது. மத்திய கிழக்கு நோக்கிய பயணம் பெருகியது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. ஆனால் எங்கள் பகுதிப் பெண்கள் அதற்கு முன்பே போய்த் திரும்பியிருந்தார்கள். தொண்ணூறுகளில் வெளிநாடு சென்றோரில் பெரும்பான்மையினர் பெண்களே.

1979இல் சுயாதீன தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கியதும் பெட்டிகளுக்குள் ரி.வி.யும் சேர்ந்துகொண்டது. இங்கே இன்னொரு பொறி காத்திருந்தது. ரூபவாஹினி யப்பானிய உதவியில் எழுந்தாலும், ஒளிபரப்பியது ‘பால்’ முறையில். யப்பானிலேயே ‘என்.ரி.எஸ்.சி.’ முறை. வேறு முறைக்கு மட்டும் செய்த ரி.வி. இங்கே நிறமின்றிக் காட்டும், அல்லது படம் வந்து சத்தம் வராது. ‘மல்ரி சிஸ்டம்’ என்ற சொல் ஆங்கிலம் தெரியாத உம்மாமாருக்கும் மனப்பாடமானது அக்காலத்தில்தான். விபரம் தெரிந்தவர்கள் அங்குள்ள மகளுக்குக் கசெட்டில் பேசி அனுப்பினார்கள்: “மகள், பின்னால 220-240 எண்டு அடிச்சீக்கா எண்டு பாத்து வாங்குங்க.”

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்தினுள் நுழைந்தது. அங்கிருந்த பல்லாயிரம் இலங்கையர் பாலைவனத்தைக் கடந்து ஜோர்தான் வழியாகத் திரும்பினர். எங்கள் ஒழுங்கைக்கு வந்த தாத்தா ஒருவர் (எமது பேச்சில் தாத்தா என்றால் அக்கா) கையில் ஒரு துணிப்பை மட்டும் வைத்திருந்தார். பிளக் மாற்றினாலே போதும் என்றிருந்த நல்ல சாமான்களெல்லாம் அங்கேயே போயின. 1991இல் ஐக்கிய நாடுகள் அமைத்த இழப்பீட்டு ஆணைக்குழுவிடம் தனியாட்கள் தமது வீட்டுப் பொருட்களின் இழப்பையும் கோர முடிந்தது. அந்தப் படிவத்தை நிரப்பும்போது அவர் ஒவ்வொரு பொருளாகச் சொல்ல, நான் எழுதினேன்: கசெட் ரேடியோ ஒன்று, அயன் ஒன்று, தையல் மெசின் ஒன்று. தையல் மெசினைச் சொல்லும்போது மட்டும் குரல் தடுமாறியது. அதை நம்பித்தான் அவர் ஊரில் ஒரு தொழிலைக் கனவு கண்டிருந்தார்.

வெள்ளவத்தையின் இலாச்சி

கொட்டாஞ்சேனையின் பெட்டிகள் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து வந்தவை. வெள்ளவத்தையின் கதை வேறு. 1983 ஜூலையில் அங்கே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதன்பின் குடும்பங்கள் இலண்டனுக்கும் பாரிஸுக்கும் சூரிச்சுக்கும் ரொறன்ரோவுக்கும் மெல்பேர்னுக்கும் சிதறின. வடக்கிலிருந்து வந்தவர்கள் வெள்ளவத்தையின் மாடிவீடுகளில் தங்கி விசாவுக்காகக் காத்திருந்தனர். போனவர்கள் விடுமுறையில் வரும்போது பொருட்களும் வந்தன.

காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் எனது ஆசிரிய நண்பர் வீட்டில் ஓர் இலாச்சி இருந்தது. அதற்குள் அடப்டர்கள். சூரிச்சிலிருந்து மகன் கொண்டுவந்த மூன்று மெல்லிய உருண்டை முனை. பாரிஸ் மகளின் இரண்டு தடித்த முனை. இலண்டன் தம்பியின் சதுர முனை. மெல்பேர்ன் மருமகனின் சாய்ந்த தட்டை முனை. ரொறன்ரோ பேரப்பிள்ளைகளின் நேரான தட்டை முனை. ஒரு குடும்பம் எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அறிய அந்த இலாச்சியைத் திறந்தாலே போதும். ஐரோப்பா, இலண்டன், மெல்பேர்ன் சாமான்களுக்கு முனை மாறினால் போதும், வோல்ற்றளவு ஒன்றேதான். கனடாச் சாமானுக்கோ நிலைமாற்றி வேண்டும், மீடிறனும் வேறு. ஆகத் தொலைவில் இருந்த பிள்ளை அனுப்பியவையே அந்த வீட்டில் ஆகக் குறைவாகப் பாவிக்கப்பட்டன.

ஆனால் முனை மாறினால் போதும் என்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஐரோப்பியச் சலவை இயந்திரத்தின் பிளக்கில் நிலத்தொடுப்பு பக்கவாட்டில் அல்லது குதையிலிருந்து நீட்டும் முனையில் இருக்கும். மலிவான அடப்டரில் அது எதனுடனும் தொடாது. இயந்திரம் ஓடும், உள்ளே கம்பி கசிந்தால் உடல் முழுவதும் மின்சாரம் ஏறும். சதுரக் குதையில் மேலுள்ள துளைக்குள் பேனையைச் செருகி, மூடியைத் திறந்து, இரண்டு முனைப் பிளக்கை அமுக்குவது எம்மவர் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அந்த மூடி பிள்ளையின் விரல் உள்ளே போகாமலிருக்க வைக்கப்பட்டது என்பது அந்தளவுக்குத் தெரியாது. நண்பரின் மனைவி ஈரக் கையோடு இயந்திரத்தைத் தொட்டுச் சுவரில் வீசப்பட்டார். ட்ரிப் சுவிட்ச் இருந்தபடியால் உயிர் தப்பினார். அன்று முதல் அந்த இலாச்சி பூட்டப்பட்டது.

இன்று

கைத்தொலைபேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சார்ஜர்களில் 100-240 வோல்ற்று, 50/60 ஹேர்ட்ஸ் என்று அச்சிடப்பட்டிருக்கும். உள்ளேயிருக்கும் சிறு மின்னணுச் சுற்று, சுவர் எதைத் தந்தாலும் தனக்கு வேண்டியதாக மாற்றிக்கொள்கிறது. கையால் செப்புக் கம்பி சுற்றிய கடைகள் எங்கள் பகுதியில் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாடுகளும் மாறியுள்ளன. பிரித்தானியா 1995இல் தனது 240ஐ ஐரோப்பாவுடன் இணங்க 230 என்று அறிவித்தது. சவூதி அரேபியா 2010இல் படிப்படியாக 230 வோல்ற்றுக்கு மாறத் தீர்மானித்தது. ஆனால் 60 ஆட்டத்தை விடவில்லை. எனவே இன்று சவூதியிலிருந்து வரும் 230 வோல்ற்றுப் பொருள் புகைந்து எரியாது. எனினும் மோட்டார் உள்ளதாயின் தகட்டில் 50/60 என்று இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். முடி உலர்த்தி, பிளெண்டர், சோறு சமைக்கும் பாத்திரம் போன்றவற்றில் இன்றும் பல ஒரு நாட்டுச் சுவருக்கென்றே செய்யப்படுகின்றன.

இலங்கையில் உருண்டை ஐந்தும் உருண்டைப் பதினைந்தும் சதுரப் பதின்மூன்றும் ஒரே வீட்டில் குடியிருந்த குழப்பத்துக்கு 2016இல் முடிவு அறிவிக்கப்பட்டது. சதுர முனையே நாட்டின் ஒரே வீட்டுப் பாவனை நியமம் என்று தீர்மானமாயிற்று. 1947இல் ஆங்கிலேயர் எடுத்த முடிவுக்கு நாம் வந்துசேர ஏறத்தாழ எழுபது வருடங்கள் எடுத்தன. பழைய சுவர்கள் ஒரே நாளில் மாறுவதில்லை. கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் உருண்டைத் துளைகள் இன்னும் இருக்கின்றன.

மாமி மூன்று முறை மீண்டும் போய்வந்தார். இரண்டாவது முறை எந்தச் சாமானும் கொண்டுவரவில்லை. பணமாகவே கொண்டுவந்து புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பிளெண்டர் ஒன்று வாங்கினார். பூட்டியதும் ஓடியது. முதல் பிளெண்டரை அவர் எறியவில்லை. மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாடியை மட்டும் வைத்துக்கொண்டார். அவர் மௌத்தாகும் வரை ஒவ்வொரு நோன்பிலும் இஃப்தாருக்கான சர்பத் அந்தக் கண்ணாடிச் சாடியில்தான் கரைக்கப்பட்டது. மணிக்கூட்டை ஒரு முறையும் ஸஹருக்கு நம்பவில்லை. ரேடியோவாக மட்டும் பல வருடம் பாடியது.

இப்படி எரிந்த, பிந்திய, நிறமிழந்த பொருட்கள் எமது வீடுகள் தோறும் இருந்திருக்கும். அவற்றின் பின்னால் ஒரு பெண்ணின் இரண்டு வருடமும் இருக்கும். அவர்களில் பலர் இன்று முதுமையில் எம்மோடு வாழ்கிறார்கள். என்ன கொண்டுவந்தீர்கள், அதற்கு என்ன நடந்தது என்று கேட்டால் சொல்வார்கள். கேட்டு எழுதிவைக்க வேண்டியது எமது வேலை.